கடலைப் பார்க்காத சுல்தான்

ஓர் அரசரை உண்டாக்குவதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. கடல் வந்துவிட்டது, கப்பல்கள் வந்துவிட்டன, பருவக்காற்று திசை மாறி வீசுவதற்குக்கூட விதிகள் எழுதிவிட்டோம். மலாக்காவின் பழைய சுல்தானை மட்டும் அந்த விளையாட்டுக்குள் உட்கார வைக்க முடியவில்லை.

சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லோரும் பேசத் தொடங்கியிருந்த காலம். நானும் என் கணவரும் மலாக்கா நகரின் காஜா பேராங் பகுதியில், கம்போங் செட்டி என்ற குடியிருப்புக்கு அடுத்தாற்போல் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. அவர் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. சதுரங்கப் பைத்தியம். கம்போங்குக்குள் அவருக்கு ஈடாக ஆடக்கூடிய ஒரு நண்பர் இருந்தார். பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் செட்டிக் குடும்பத்துப் பிள்ளை, நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். அவர்கள் வீட்டில் சாமி நம் சாமிதான், விபூதி நம் விபூதிதான், பேச்சு மட்டும் மலாய். தமிழில் ஒரு முழு வாக்கியம் சொல்லச் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவார்கள். நாங்களும் அவர்களோடு மலாயில்தான் பேசினோம். அந்தப் பேச்சை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

என் வகுப்புப் பிள்ளைகள் சுல்தான்களின் பெயர்களை ஒப்பித்துவிட்டு மறுநாளே மறந்துபோகிறார்கள் என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். சதுரங்கத்தைப்போல ஒரு விளையாட்டாகச் செய்து கொடுத்தால் மறக்க மாட்டார்கள் என்றார் நண்பர். அடுத்த வாரமே மலாக்கா நீரிணையை ஒரு பெரிய துணித்தாளில் வரைந்து கொண்டுவந்தார். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட எமர்ஜென்சி இன்னும் முடியவில்லை. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளில் போனால் போலீஸ்காரர் நிறுத்திப் பிரிக்கச் சொல்வார். அதனால் இன்றைய சாலை ஒன்றுகூட அதில் இல்லாதபடி கவனமாக வரைந்திருந்தார். கடலும் ஆறுகளும் பழைய பெயர்களும் மட்டும். ரப்பர் கொட்டைகள் கப்பல்கள் ஆயின. சட்டைப் பொத்தான்கள் படைவீரர்கள்.

முதலில் அரசரையும் மற்றவர்களைப்போல ஓர் ஆட்டக்காரராக வைத்துப் பார்த்தோம். என் கணவர் சுல்தான். அவர் வைத்ததே சட்டம் என்பதால் எங்கள் காய்களையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. எதிர்க்க முடியாத ஆளோடு என்ன விளையாடுவது? பிறகு அரசரைச் சீட்டுக்கட்டு ஆக்கினோம். ஒரு சீட்டை எடுத்தால் போர், இன்னொன்றை எடுத்தால் வரி. நண்பருக்கு அது பிடிக்கவே இல்லை. இது ராஜா இல்லை, மழை வெயில் மாதிரி என்றார். அமைச்சர்கள் கூடி வாக்களித்து அரசரின் ஆணையை மாற்றலாம் என்று நான் ஒரு விதி எழுதினேன். என் கணவர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "இது இப்ப லண்டன்ல பேசிக்கிட்டு இருக்காங்களே, அந்தச் சட்டம். நமக்கு வேணும்கிறது பழைய சுல்தான்."

வழி எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. எங்கள் தலைமை ஆசிரியர் அறையை விட்டு வெளியே வரமாட்டார். எந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்பது நாங்கள் போய்ச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அவர் சொன்னதை மீற ஆள் கிடையாது. ஆனால் அவருக்குத் தெரிந்த பள்ளி வேறு, நாங்கள் பாடம் நடத்திய பள்ளி வேறு. அன்று மாலை கம்போங்குக்குப் போய், சுல்தான் வரைபடத்தைப் பார்க்கக்கூடாது என்று சொன்னேன்.

அதுதான் விதியானது. சுல்தான் திரைக்குப் பின்னால் வேறு அறையில் உட்கார வேண்டும். ஒவ்வொரு பருவக்காற்றுக்கும் அவர் ஒரு தித்தா, அதாவது அரச ஆணை, தருவார். அதை யாரும் மறுக்க முடியாது. அமைச்சர்கள் வரைபடத்தில் அதை நிறைவேற்றி, பகடை போட்டு, என்ன ஆனது என்று திரைக்கு முன்னால் போய் நின்று சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்பது அவரவர் விருப்பம். பிடிக்காத அமைச்சரைச் சுல்தான் காரணம் சொல்லாமல் நீக்கிவிடலாம். நகரம் விழுந்தால் சுல்தான் உட்பட எல்லோருக்கும் தோல்வி. ஆட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. என் கணவர் திரைக்குப் பின்னால் இருந்த நாட்களில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறோம்.

அந்தச் சிரிப்பெல்லாம் நண்பரின் அண்ணன் ஆட வருகிறேன் என்று சொன்ன நாளோடு நின்றது.

அவரை வீட்டில் எல்லோரும் அபாங் என்பார்கள், மலாயில் அண்ணன் என்று பொருள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நாற்பத்தைந்து வயதிருக்கும், திருமணம் செய்துகொள்ளவில்லை. நகராட்சியில் மேற்பார்வையாளர், மாலையில் குடும்பக் கோயிலைத் திறந்து விளக்கேற்றுவதும் அவர்தான். பெற்றோர் போன பிறகு தம்பியை வளர்த்துப் படிக்க வைத்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய தேவை அந்த வீட்டில் அவருக்கு வரவில்லை. எந்த நிறச் சாயம் அடிப்பது, யார் வீட்டுத் திருமணத்துக்குப் போவது, எல்லாம் அவருடைய ஒரு வார்த்தையில் முடியும். நடுவில் இன்னொரு தம்பி இருந்திருக்கிறார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர் ஜப்பான்காரன் காலத்துக்குப் பிறகு திரும்பவில்லை, செய்தியும் இல்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டிலிருந்து யாரும் வெளியூர் போக வேண்டாம் என்று அபாங் ஒருமுறை சொன்னார். இரண்டாம் முறை சொல்லவில்லை.

நண்பருக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல் வந்திருந்தது, பதவி உயர்வோடு. அவர் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மாதக் கடைசியில் போய்ச் சேர வேண்டும். அவர் மனைவிக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கும், கோயிலுக்குப் பூ கட்டித் தரும் அம்மாவுக்கும் தெரியும். அபாங்குக்கு மட்டும் தெரியாது. இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று நண்பர் தள்ளிக்கொண்டே போனார். அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாய் தவறி ஏதாவது உளறிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மேசையில் வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தபோது அபாங் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இன்றைக்கு நான் சுல்தானாக இருக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று யார் சொல்வது? உள் அறை வாசலில் பூவேலை செய்த திரை ஒன்று தொங்கியது. அதற்குப் பின்னால் நாற்காலி போட்டோம். நண்பர் பெண்டஹாரா, முதன்மை அமைச்சர். என் கணவர் கடற்படைத் தலைவரான லக்சமணா. நண்பரின் மனைவி ஊர்க்காவலும் களஞ்சியமும் பார்க்கும் தெமெங்கோங். எனக்குத் துறைமுகம்.

அபாங் நன்றாக ஆடினார். வடக்கிலிருந்து சயாம் கப்பல்கள் வருகின்றன என்றதும் படையைப் பாதியாகப் பிரிக்காமல் மொத்தமாக அனுப்பச் சொன்னார். சரியான முடிவுதான். பகடைதான் சரியாக விழவில்லை. என் கணவர் தன் ரப்பர் கொட்டைகளை ஒவ்வொன்றாக வரைபடத்திலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். பிறகு திரைக்கு முன்னால் போய்க் கைகூப்பி, அரசரிடம் பேசுமுன் மன்னிப்புக் கேட்கும் மலாய் முறைப்படி தொடங்கினார்.

"அம்புன் துவாங்கு. ரெண்டு கப்பலுக்குப் பழுது. மத்ததெல்லாம் காவல்ல இருக்கு."

விளையாட்டுதானே. நானும் அப்படித்தான் நினைத்தேன். வரியை ஏற்றியதால் வணிகக் கப்பல்கள் ஒதுங்கிப் போய்விட்டன. நான் போய்த் துறைமுகம் நிரம்பி வழிகிறது என்றேன். களஞ்சியம் எரிந்துபோயிருந்தது, நண்பரின் மனைவி அரிசிக்குக் குறைவில்லை என்றாள். ஒவ்வொரு முறையும் திரைக்குப் பின்னாலிருந்து 'நல்லது' என்று ஒரு சொல் வரும். இன்னும் ஒரு பருவம். இன்னும் ஒரு 'நல்லது'. இல்லாத கப்பல்களைத் தெற்கே அனுப்பச் சொன்னார். இல்லாத அரிசியை அவற்றில் ஏற்றச் சொன்னார். நாங்கள் வெறும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நண்பரின் மனைவி சேலை முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவள் கண் விளையாட்டில் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அப்போது அபாங் ஒரு புதிய தித்தா தந்தார். ஒவ்வொருவரும் தனியாகத் திரைக்கு அருகில் வந்து தாழ்ந்த குரலில் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பின்கட்டில் இருக்க வேண்டும். அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. ஆனால் அரசர் சொன்னால் விதிதானே.

முதலில் என் கணவர் போனார், அடுத்து நண்பரின் மனைவி, பிறகு நண்பர். கடைசியாக நான். திரைக்கும் தரைக்கும் நடுவே அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன. கோட்டைக்கு எதிரே எத்தனை கப்பல் நிற்கிறது என்று கேட்டார். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆறு என்றேன்.

"உங்க வீட்டுக்காரர் பத்துன்னார். தம்பி எட்டுன்னான். அவன் பெண்டாட்டி, எண்ணலைன்னு சொன்னா" என்றார். குரலில் கோபமில்லை. களைப்புதான் இருந்தது. "டீச்சர், இப்ப கேக்கிறது விளையாட்டு இல்ல. இந்த வீட்டுல எனக்குச் சொல்லாம என்ன நடக்குது?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று மத்தியானம் முழுக்க அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்தப் பாதங்கள் அசையாமல் இருந்ததைப் பார்த்தபோது, இன்னொரு பொய் என் வாயில் வரவில்லை.

"அதை நான் சொல்றது முறையில்ல அபாங். சொல்ல வேண்டியவர் பின்கட்டுல இருக்கார்."

"கூப்பிடுங்க."

நண்பரை நான்தான் போய்க் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. மனைவி எழுந்து அவர் கையைப் பிடித்தாள், பிறகு விட்டாள். அவர் திரைக்கு முன்னால் நிற்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் மூவரும் பின்கட்டில், கிணற்றுப் பக்கம் நின்றோம். வீடு அவ்வளவு பெரியதில்லை. எல்லாம் கேட்டது.

அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிறகு அபாங், எப்போது போக வேண்டும் என்று கேட்டார். மாதக் கடைசி என்றார் தம்பி.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்" என்றார் தம்பி.

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. அபாங் திரையை ஒதுக்கிவிட்டு முன்கூடத்துக்கு வந்தார், நாங்களும் பின்கட்டிலிருந்து வந்து நின்றோம். ஆட்டம் தொடங்கிய பிறகு அப்போதுதான் அபாங் வரைபடத்தைப் பார்க்கிறார். தன் கடலில் ஒரு கப்பல்கூட இல்லை. விரல் நுனியால் கோட்டையைத் தொட்டுவிட்டு, என் கணவரைப் பார்த்தார்.

"என் கப்பலெல்லாம் எப்ப போச்சு?"

"ரெண்டாவது காத்துலயே, அபாங்."

அவர் தலையசைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். விளக்கேற்றும் நேரம் இன்னும் ஆகவில்லை. வரைபடத்தைச் சுருட்டுவதா, அப்படியே விடுவதா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. நண்பரின் மனைவிதான் கடைசியில் சுருட்டினாள். மூலைகள் கசங்கிப் போயின.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. அபாங் வேலைக்குப் போனார், வந்தார், வைத்ததைச் சாப்பிட்டார், கோயிலைத் திறந்தார், பூட்டினார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன் என்று நண்பர் என் கணவரிடம் சொன்னாராம். மாற்றலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னார். மறுநாள் இல்லை என்றார். அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, எங்களுக்கு அந்த விளையாட்டே வேண்டாம் டீச்சர் என்று சொல்லிவிட்டு, சமையலறையில் என்னோடு வெங்காயம் உரித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒன்று ஒரு குடும்பத்தை உடைத்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அப்படி இருக்கையில் ஒருநாள் மாலை அபாங் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. என் கணவர் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடினார். அபாங் உள்ளே வந்து, காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த வரைபடம் இங்கே இருக்கிறதா என்று கேட்டார். நண்பரின் மனைவி அதை எங்களிடம்தான் கொடுத்துவைத்திருந்தாள். விரித்தோம்.

"இதுல ஒரு குறை இருக்கு" என்றார். "சுல்தான் கெட்ட செய்தி கேக்க வழியே வைக்கல நீங்க."

அவர் யோசித்து வைத்திருந்தார். ஆட்டம் தொடங்கும் முன் சுல்தான் தன் கெரிஸை, இடுப்பில் செருகும் குறுவாளை, ஓர் அமைச்சரிடம் கொடுக்கலாம். அது யாரிடம் இருக்கிறதோ அவரை நீக்க முடியாது. அவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

என் கணவர் விதி என்று வந்துவிட்டால் ஆள் யாரென்று பார்க்க மாட்டார். "அப்ப சுல்தான் கையைக் கட்டின மாதிரி ஆயிடுமே, அபாங். அவருக்கு மேல ஒரு சட்டம் வந்துடுச்சு."

"யாரும் கட்டல. அவரே கொடுக்கணும். கொடுக்காமலும் இருக்கலாம். கொடுத்துட்டுப் பாதியில திருப்பி வாங்கிக்கலாம். யார் தடுக்கப் போறா? ஆனா வாங்கினதுக்கு அப்புறம் அந்த ஆட்டத்துல அவருக்கு யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க."

என் கணவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தாளை எடுத்து அதை எழுதினார். நாங்கள் மாதக்கணக்கில் தேடிய சுல்தான் அங்கே வந்துவிட்டார். எதையும் செய்யக்கூடியவர், ஆனால் எதை விட்டுக்கொடுப்பது என்று தானே முடிவு செய்ய வேண்டியவர்.

அபாங் எழுந்திருக்கவில்லை. கையை முழங்காலில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி சொன்னார். "நான் அவனை ஒருநாளும் அடிச்சதில்ல, டீச்சர்."

"தெரியும் அபாங். அடிச்சாத்தான் பயம் வரும்னு இல்ல."

என் கணவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அபாங் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பெருமூச்சு விட்டு எழுந்து, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் தம்பியிடம் என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது. ஒன்றும் பேசவில்லை என்றுதான் நண்பர் சொன்னார். புறப்படும் நாள் காலையில் வாடகைக் கார் கம்போங் வாசலில் வந்து நின்றபோதும் அபாங் சம்மதித்தாரா இல்லையா என்று யாருக்கும் நிச்சயமில்லை. பெட்டிகள் கூடத்தில் கிடந்தன. அபாங் கோயிலுக்குள் இருந்தார். நண்பர் படியில் நின்றுகொண்டு, அவர் வராமல் நான் ஏற மாட்டேன் என்றார். கார் ஓட்டி வந்த சீனர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். அண்டை வீட்டார் எல்லோரும் கதவோரம் நின்றார்கள். மனைவி அழ ஆரம்பித்தாள்.

அபாங் கோயிலைப் பூட்டிக்கொண்டு வந்தார். நேரே கூடத்துக்குப் போய், பெரிய பெட்டியைத் தூக்கினார். தம்பி ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து அதைக் காரின் பின்னால் ஏற்றினார்கள். பிறகு அபாங் தம்பியின் நெற்றியில் விபூதி வைத்து, அவர் மனைவிக்கும் வைத்தார்.

"அங்க கஷ்டமா இருந்தா, கஷ்டமா இருக்குன்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஓர் அச்சகம் வைத்திருந்தவர், விளையாட்டு தயாரானால் பள்ளிகளுக்காக அச்சிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். நானும் என் கணவரும் விதிகளை எடுத்துக்கொண்டு போனோம். அவர் பொறுமையாகப் படித்தார். நாடே இப்போது ஒரு புதிய மாமன்னரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் அமைச்சர்கள் அரசரிடம் பொய் சொல்கிற விளையாட்டை யாரம்மா பள்ளிக்கூடத்துக்கு வாங்குவார்கள் என்றார். சுதந்திரம் வரட்டும், பார்க்கலாம் என்றார். பிறகும் பார்க்கவில்லை. நான் என் வகுப்பில் மட்டும் அதை விளையாட விட்டேன். பிள்ளைகள் சுல்தான்களின் பெயர்களை அப்போதும் மறந்தார்கள். ஆனால் திரைக்குப் பின்னால் உட்கார எப்போதும் அடிதடி.

சுதந்திரம் வந்த பிறகு அபாங் முதல்முறையாகக் கோலாலம்பூருக்குப் போனார். தம்பிக்குக் குழந்தை பிறந்திருந்தது. திரும்பி வந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, இம்முறை காப்பி வாங்கிக் குடித்தார். தம்பி வீடு தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது, தண்ணீர் காலையில் மட்டும்தான் வருகிறது, மேலதிகாரி சரியில்லை, அவன் மனைவிக்கு ஊர் பிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் தம்பியே சொன்னதாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இவருக்கு இதில் என்ன இத்தனை நிறைவு என்று முதலில் விளங்கவில்லை.

"பிள்ளை என்னைப் பார்த்ததும் அழுதான்" என்றார், போகும்போது. "தூக்கினதும் நிறுத்திட்டான்."

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு கம்போங் வரைக்கும் அவரோடு நடந்துபோனார்.